தயவு செய்து ஆரம்பிக்காதீங்க சாமி!

முன்னெச்சரிக்கை: கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் சூடாகவும் இருக்கும்.

"நம்ம நாட்டுல பெரிய திட்டம் எதுவும் ஏன் சொன்ன தேதிக்கு முடிய மாட்டேங்குது?" இந்தக் கேள்வியை டீக்கடையில் கேட்டால் நாலு பதில் தயாராக இருக்கும். லஞ்சம், அரசியல், போராட்டம், கடைசியாக ஒரு பெருமூச்சோடு, "ஒரு ஸ்ரீதரன் வந்தா எல்லாம் சரியாயிடும்". எங்கள் வகுப்பிலும் இதே நாலு பதில்தான். பொறியியல் படிப்பவர்கள் என்பதால் வேறு பதில் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் :-)

என் பதில் ஐந்தாவது. திட்டங்கள் முடியாமல் கிடப்பதற்கு முதல் காரணம், அவற்றை ரொம்ப சீக்கிரம் ஆரம்பித்து விடுகிறோம்.

சிரிக்காதீர்கள் மக்கா, விளக்குகிறேன்.

எங்க ஊர் தண்டவாளத்திலிருந்தே ஆரம்பிப்போம்

சங்கரன்கோவில்காரனுக்கு உதாரணம் தேடி சிட்னிக்கோ பெர்லினுக்கோ போக வேண்டிய அவசியம் இல்லை. ஸ்டேஷனுக்குப் போனாலே போதும்.

கொல்லம் - திருநெல்வேலி - திருச்செந்தூர், தென்காசி - விருதுநகர் ஆகிய மீட்டர்கேஜ் பாதைகளை அகலப்பாதையாக மாற்றும் திட்டம் 1997-98 ரயில்வே பட்ஜெட்டில் வந்தது. மொத்தம் 357 கிலோமீட்டர். எங்கள் ஊர் வழியாகப் போகும் விருதுநகர் - தென்காசி பகுதி 2004-ல் முடிந்தது. கொல்லம் - புனலூர் 2010 மே மாதம். திருநெல்வேலி - தென்காசி 2012. மிச்சம் இருந்தது நடுவில் உள்ள மலைப்பகுதி, செங்கோட்டை - புனலூர். ஐம்பது கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு.

2010 செப்டம்பரில் அந்தப் பாதையில் ஓடிக்கொண்டிருந்த மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். முழுப் பாதையும் முறைப்படி மறுபடி திறக்கப்பட்டது 2018 ஜூனில். ஏழரை வருஷத்துக்கு மேல்! ரயில் நின்றபோது ஆறாம் வகுப்பில் இருந்த பையன், பாதை திறப்பதற்குள் பிளஸ் டூ முடித்துவிட்டான். அதுவரை கொல்லம் பக்கம் வேலைக்குப் போகிறவர், வியாபாரத்துக்குப் போகிறவர், சபரிமலைக்கு மாலை போட்டவர் எல்லோரும் புளியரை வழியாக மலைச்சாலையில் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டுதான் போனார்கள்.

"மலைப்பாதை தம்பி, சும்மாவா?" என்பார்கள். சரி. பகவதிபுரம் தாண்டி சுரங்கம் இருக்கிறது. பதிமூன்று கண் பாலம் இருக்கிறது, அதை கான்கிரீட் கவசம் போட்டுப் பலப்படுத்த வேண்டியிருந்தது. வருஷத்துக்கு இரண்டு பருவமழை. எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பாதை 1904-ல் திறக்கப்பட்டது. 106 வருஷமாக அதில் ரயில் ஓடியிருக்கிறது. மலை 2010-ல் புதிதாக முளைத்ததா? மழை முதல் தடவையாகப் பெய்ததா?

எவ்வளவு வேலையை ரயில் ஓடும்போதே முடித்து வைக்கலாம், மழை எத்தனை மாதத்தைத் தின்னும், முழுப் பணமும் எப்போது கைக்கு வரும். இந்த மூன்று கேள்விக்கும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் ரயிலை நிறுத்தியிருந்தால், ஏழரை வருஷத்துக்கு நிறுத்தியிருக்க மாட்டார். வேலை "தொடங்கிவிட்டது" என்று காட்டுவதற்கு ரயிலை நிறுத்துவதுதான் சுலபமான வழி. அதனால்தான் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறோம்.

இது ஒரு ஊர்க் கதை இல்லை

மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்தியத் திட்டங்களைக் கண்காணிக்கிறது. 2023 டிசம்பர் கணக்கில் அப்படி 1,820 திட்டங்கள் இருந்தன. அவற்றில் 848 தாமதம். 431 திட்டங்களில் செலவு எகிறியிருந்தது. கூடுதல் செலவு மட்டும் 4.82 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

"இந்தியா உருப்படாது" கோஷ்டி உடனே கைதட்ட வேண்டாம். டென்மார்க்கைச் சேர்ந்த பெண்ட் ஃபிளிவ்பியர் என்ற பேராசிரியர் பல நாடுகளிலிருந்து 16,000-க்கும் மேற்பட்ட பெரிய திட்டங்களின் கணக்கைச் சேர்த்து வைத்திருக்கிறார். அவர் கணக்குப்படி, சொன்ன செலவிலும் சொன்ன நேரத்திலும் முடிந்தவை 8.5 சதவீதம். சொன்ன பலனையும் கொடுத்தவை 0.5 சதவீதம். அதாவது இருநூறில் ஒன்று. ஆக, இது நம் ரத்தத்தில் ஓடும் வியாதி இல்லை, எல்லா நாட்டுக்காரனுக்கும் இருக்கிறது. யோசிக்க வேண்டிய காலத்தைச் சுருக்கி, கட்ட வேண்டிய காலத்தை நீட்டுகிறோம் என்பதுதான் அவர் கண்டுபிடித்ததன் சாரம். யோசிக்கும்போது ஆகும் தாமதத்துக்குச் செலவு நாலு மேசை, நாலு எஞ்சினியர். கட்டும்போது ஆகும் தாமதத்துக்கு வட்டி, வாடகை, சும்மா நிற்கும் மெஷின், பாதியில் துருப்பிடிக்கும் கம்பி.

இனி டீக்கடை பதில்களுக்கு வருவோம்.

"போராட்டம்தான் காரணம்"

கூடங்குளம் என்றாலே இந்தப் பதில்தான். அணு உலை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு நான் இங்கே வரவில்லை. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். தேதியை மட்டும் பாருங்கள்.

ராஜீவ் காந்தி - கோர்பச்சேவ் ஒப்பந்தம் 1988. சோவியத் யூனியன் சிதறிய பிறகு திருத்திய ஒப்பந்தம் 1998. முதல் உலைக்கு கான்கிரீட் ஊற்றியது 2002 மார்ச். முதல் உலை வணிக ரீதியாக ஓட வேண்டிய தேதி 2007 டிசம்பர். இரண்டாவது உலைக்கு 2008 டிசம்பர். இடிந்தகரையில் பெரிய போராட்டம் வெடித்தது 2011-ல்.

கணக்குப் போட்டீர்களா? போராட்டக்காரர்கள் பந்தலில் உட்காரும்போதே முதல் உலை மூன்றரை வருஷத்துக்கு மேல் லேட்! போராட்டத்தால் சில மாதங்கள் வேலை நின்றது உண்மை. ஆனால் முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் 31. இரண்டாவது, 2017 மார்ச் 31. 13,171 கோடி என்று போட்ட மதிப்பீடு 22,462 கோடியாக வளர்ந்தது.

வடிவமைப்பும் கருவிகளும் ரஷ்யாவிடமிருந்து, கட்டுவது இந்திய அணுமின் கழகம் என்பது ஏற்பாடு. கருவிகள் வேலை நடக்கும் வரிசைப்படி வந்து சேரவில்லை. முதலில் வர வேண்டியது பின்னால் வந்தால், கூரை போட முடியாமல் சுவர் காத்துக்கொண்டிருக்கும். இந்த இரண்டு கைகளும் சேரும் இடத்தில்தான் பெரிய திட்டத்தின் உயிர் இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றி முன்கூட்டியே யோசித்து முடிக்காமல் தேதி அறிவித்தால், அந்தத் தேதி வெறும் ஆசை.

"லஞ்சம்தான் காரணம்"

இருக்கிறது. யார் இல்லை என்றது? ஆனால் லஞ்சம் வாங்காத எஞ்சினியர் கூட மண் ஆய்வு செய்யாமல் தோண்டினால் பாறையில்தான் முட்டுவார். இன்னொன்று, லஞ்சம் எங்கே கொழிக்கிறது என்று பாருங்கள். காலநீட்டிப்பு, விலை உயர்வுக்கு ஈடு, டெண்டரில் இல்லாத "கூடுதல் வேலை". இவை எல்லாம் பாதி யோசித்து ஆரம்பித்த வேலையில் பிறக்கும் குட்டிகள். முழுதாக வரைந்து முடித்த வேலையில் "கூடுதல்" என்று எழுத இடம் குறைவு.

"ஒரு ஸ்ரீதரன் போதும்"

நமக்கு ஹீரோ இல்லாமல் தூக்கம் வராது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலத்தின் கர்டர்கள் கடலில் விழுந்தன. ரயில்வே கொடுத்த அவகாசம் ஆறு மாதம், மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார், 32 வயது இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். புதிய பாம்பன் பாலத்துக்கு 2019-ல் அடிக்கல் நாட்டி 2025 ஏப்ரலில் திறந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு "அன்று 46 நாள், இன்று ஆறு வருஷம்" என்று ஃபார்வர்டு மெசேஜ் சுற்றுகிறது.

அபத்தமான ஒப்பீடு. 1964-ல் பாலத்தின் தூண்கள் நின்றுகொண்டிருந்தன. வடிவமைப்பு 1914-ல் பாலம் திறக்கும் முன்பே முடிந்த விஷயம். கர்டர்கள் ஒரே மாதிரி. விழுந்தவற்றை மீனவர்கள் துணையோடு கடலுக்குள் தேடித் தூக்கி மறுபடி வைத்தார்கள். ஸ்ரீதரனின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வேலைக்கான யோசனை ஐம்பது வருஷம் முன்பே செய்து முடிக்கப்பட்டிருந்தது, அவர் அதை வேகமாகச் செயல்படுத்தினார் என்கிறேன்.

நம்பிக்கை இல்லையா? அதே ஸ்ரீதரன் கொங்கண் ரயில்வேயில் என்ன ஆனார் என்று பாருங்கள். 1990-ல் தனி நிறுவனமாகத் தொடங்கி, கையில் அதிகாரமும் கொடுத்து, ஐந்து வருஷத்தில் முடிக்க நினைத்தார்கள். முழுப் பாதையிலும் ரயில் ஓடியது 1998 ஜனவரியில். கோவாவின் பெர்னெம் சுரங்கத்தில் களிமண் மறுபடி மறுபடி சரிந்தது. கோவாவில் பாதையை மாற்றச் சொல்லிக் கிளர்ச்சியும் நடந்தது. மண்ணுக்கு ஸ்ரீதரன் யார் என்று தெரியாது.

பிறகு டெல்லி மெட்ரோ. 1995-ல் நிறுவனம் அமைத்தார்கள். ஜப்பான் கடன் ஒப்பந்தம் 1997-ல் கையெழுத்தானது. மத்திய அரசும் டெல்லி அரசும் சரிபாதிப் பங்கு என்பதால் யார் பணம் தருவது என்ற சண்டை இல்லை. வேலை தொடங்கியது 1998 அக்டோபர். முதல் கட்டம், 65 கிலோமீட்டர், 2005-ல் இலக்குக்கு முன்பே முடிந்தது. அதே மனிதர். ஆனால் இந்த முறை நிறுவனம், பணம், கையெழுத்து எல்லாம் வந்த பிறகுதான் மண்வெட்டி.

பென்னிகுயிக்கையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். "சொத்தை விற்று அணை கட்டினார்" என்ற கதையை எல்லோரும் சொல்வோம். பெரியாறு அணை அரசாங்கப் பணத்தில் கட்டியது என்பதை யாரும் சொல்வதில்லை. அதைவிட முக்கியமானது இன்னொன்று. மேற்கே ஓடும் தண்ணீரைக் கிழக்கே திருப்பலாமா என்று கேப்டன் கால்டுவெல் ஆராய்ந்தது 1808-ல். சரிப்படாது என்றார். அதன் பிறகு 1850-ல் சிறிய அளவில் தொடங்கி, காய்ச்சலில் ஆட்கள் விழுந்ததால் கைவிட்டார்கள். வெவ்வேறு எஞ்சினியர்கள் வெவ்வேறு வரைபடம் போட்டார்கள், அடித்தார்கள், திருத்தினார்கள். 1882-ல் பென்னிகுயிக்கிடம் திருத்தும் பொறுப்பு வந்தது. திருவிதாங்கூருடன் குத்தகை ஒப்பந்தம் 1886 அக்டோபர். வேலை தொடங்கியது 1887. முடிந்தது 1895.

காடு, யானை, மலேரியா, காலரா, கட்டியதை அடித்துக்கொண்டு போகும் வெள்ளம். நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் நோயில் செத்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எட்டே வருஷத்தில் அணை. எழுபத்தொன்பது வருஷம் யோசனை, எட்டு வருஷம் வேலை. அவ்வளவு வருஷம் யோசிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் ஆய்வு, பிறகு வரைபடம், பிறகு ஒப்பந்தம், பிறகுதான் கல்.

இப்போது நம் காலத்து வரிசை

மதுரை எய்ம்ஸ். தோப்பூரில் அடிக்கல் 2019 ஜனவரி. ஜப்பானின் ஜைகா கடன் ஒப்பந்தம் 2021 மார்ச். கட்டுமானம் தொடங்கியது 2024. நடுவில் 2022-ல் மாணவர்களைச் சேர்த்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார வைத்தார்கள். 1,264 கோடி மதிப்பீடு 1,977 கோடியானது. டெல்லி மெட்ரோவுக்கும் ஜப்பான் கடன், இதற்கும் ஜப்பான் கடன். அங்கே கடன் முன், கல் பின். இங்கே கல் முன், கடன் பின்.

எங்கள் பக்கத்து ஆறு ஒன்று. தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்பு. 2009-ல் தொடங்கியபோது 369 கோடி. எழுபது சொச்சம் கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய். திட்டம் நிறைவுக்கு வந்தது 2024-ல், செலவு ஆயிரம் கோடியைத் தாண்டி. கால்வாய் வெட்டுவது ராக்கெட் விஞ்ஞானமா? நம் முன்னோர் தாமிரபரணியில் வெட்டிய கால்வாய்களில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. தொல்லை கால்வாயில் இல்லை, அது குறுக்கிடும் இடங்களில். நிலம் கொடுக்க வேண்டியவர் ஒருவர், நெடுஞ்சாலைக்கு அடியில் போக அனுமதி தருபவர் இன்னொருவர், ரயில் பாதைக்கு வேறொருவர். பத்து வேலை நேரத்துக்கு முடிந்தால்தான் பதினோராவது வேலை தொடங்கும் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் நேரத்துக்கு முடிய 90 சதவீத வாய்ப்பு. நல்ல மார்க்தான். ஆனால் பத்தும் நேரத்துக்கு முடியும் வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? 35 சதவீதம்! கால்குலேட்டரை எடுத்து 0.9-ஐப் பத்து தடவை பெருக்கிப் பாருங்கள்.

சரி, எதிர்க்கேள்விக்கு வருகிறேன்

நண்பன் ஒருவன் கேட்டான்: "லேய், அடிக்கல் போட்டாத்தான்லே பணமே வரும். எல்லாம் ரெடியாகட்டும்னு உக்காந்திருந்தா நம்ம ஊருக்கு ஒண்ணும் வராது. வடக்க உள்ளவன் வாங்கிட்டுப் போயிருவான்."

இருப்பதிலேயே பலமான வாதம் இதுதான். துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி கல் போட்டு இடம் பிடிப்பது. பஸ்ஸில் எல்லோரும் துண்டு போடும்போது நாம் மட்டும் நியாயம் பேசி நின்றால் நின்றுகொண்டேதான் போக வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எல்லோரும் துண்டு போட்டதன் விளைவைப் பாருங்கள். நூறு திட்டத்தில் கல், பணம் இருப்பதோ பத்துக்கு. அந்தப் பத்தை நூறாகப் பிய்த்து ஆளுக்குக் கொஞ்சம். வெறும் ஆயிரம் ரூபாய் அடையாளத்துக்கு ஒதுக்கப்பட்ட ரயில் திட்டங்கள் தமிழ்நாட்டில் இருந்திருக்கின்றன. ஆயிரம் ரூபாய்க்கு எங்க ஊர் சுல்தான் பிரியாணியை நாலு பேர் கூட வயிறு நிறையச் சாப்பிட முடியாது, ரயில் எங்கே விடுவது? இடம் பிடித்த துண்டு அங்கேயே கிடந்து மக்கிப் போகிறது. நம் ஊருக்குத் திட்டம் வந்த மாதிரியும் இருக்கும், வராத மாதிரியும் இருக்கும்.

என்னதான் செய்யச் சொல்கிறாய்?

ஒன்று. அடிக்கல் விழாவுக்கு முன் நாலு தாளைப் பொதுவில் வையுங்கள். நிலம் எத்தனை சதவீதம் கையில் இருக்கிறது, மண் ஆய்வு என்ன சொல்கிறது, பணம் யார் எப்போது தருவார்கள் என்ற கையெழுத்து, மற்ற துறைகளின் அனுமதி. நாலும் இல்லையென்றால் விழாவும் வேண்டாம், பந்தலும் வேண்டாம்.

இரண்டு. முடியும் தேதி சொல்லும்போது, இதே மாதிரி முன்பு செய்த திட்டங்கள் நிஜத்தில் எத்தனை வருஷம் எடுத்தன என்பதையும் பக்கத்திலேயே அச்சடியுங்கள். "இந்தக் கால்வாய் மூன்று வருஷம். இதற்கு முந்தியது பதினைந்து வருஷம்" என்று பலகையில் எழுதிப் போட்டால், மூன்று என்று எழுதுகிறவருக்கே கை நடுங்கும்.

மூன்று. துறைகள் சேரும் இடங்களுக்கு ஒரே ஒரு பொறுப்பாளர். ரயில்வேயும் நெடுஞ்சாலையும் வருவாய்த்துறையும் முட்டும் இடத்தில் "இது என் வேலை" என்று சொல்ல ஒரு ஆள். தொடக்கம் முதல் முடிவு வரை அவரை மாற்றக் கூடாது. கிண்டி விட்டவர் ஒருவர், கூழ் குடிப்பவர் இன்னொருவர் என்றால் யார் அடிப்பிடிக்காமல் பார்ப்பார்கள்?

கடைசியாக நம்ம வகுப்புக்கு

பெர்ட் கணக்கு எல்லோருக்கும் தெரியும். 1958-ல் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைக்காக உருவாக்கிய முறை. நல்லபடியாக நடந்தால் எத்தனை நாள், சாதாரணமாக எத்தனை, எல்லாம் கெட்டுப் போனால் எத்தனை. நடுவில் உள்ளதை நாலால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுத்தால் விடை. முழு மார்க்.

பரீட்சையில் அந்த மூன்று எண்ணையும் கேள்வித்தாளே கொடுத்துவிடுகிறது. நாளைக்கு வேலையில் யார் கொடுப்பார்கள்? முதல் இரண்டையும் எல்லோரும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். மூன்றாவது எண்ணை எழுதினால் "நெகட்டிவா பேசாதப்பா" என்பார் மேலதிகாரி. மந்திரிக்கு அந்தத் தாளைக் காட்டவே மாட்டார்கள். அந்த மூன்றாவது கட்டத்தில் உண்மையான எண்ணை எழுதி, அதன் கீழே கையெழுத்தும் போடத் துணிந்தவன்தான் என்னைப் பொறுத்தவரை எஞ்சினியர். மற்றதெல்லாம் பெருக்கல் வகுத்தல், அதற்கு மெஷின் இருக்கிறது.

நாலு வருஷத்தில் நம்மில் சிலர் அந்த நாற்காலியில் உட்காருவோம். நம் முன்னால் ஒரு கோப்பு வரும். மண் ஆய்வு பாதி, நிலம் கால்வாசி, பணம் "வந்துவிடும்". விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, சாமியானாவுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. அப்போது "இன்னும் ஆரம்பிக்காதீங்க சார்" என்று சொல்லப் போவது யார்? அப்படிச் சொன்னதற்காக ராமநாதபுரத்துக்கோ தர்மபுரிக்கோ தூக்கியடித்தால் தாங்கப் போவது யார்? இந்தக் கேள்வி எந்தப் பல்கலைக்கழகக் கேள்வித்தாளிலும் வராது. இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கி: ராமநாதபுரம், தர்மபுரி நண்பர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் ஊரில் இருப்பவரை எங்கள் ஊருக்குத்தான் தூக்கியடிக்கிறார்கள் :-)